டிம் லைட்டில் சாலையே தெரியவில்லை: ஹாலோஜனை விட்டு எல்இடிக்கு மாறலாமா?

மலைக்கோட்டை எழுதியது:

என்னுடையது 2016ஆம் ஆண்டு ஹேட்ச்பேக். ரிஃப்ளெக்டர் வகை ஹெட்லைட், எச்4 ஹாலோஜன் பல்பு, 60/55 வாட். வேலை நிமித்தமாகத் திருச்சி–சென்னை சாலையில் இரவில்தான் பெரும்பாலும் பயணம். விழுப்புரம் தாண்டியதும் எதிரே வரும் வண்டிகளின் வெள்ளை வெளிச்சத்தில் என் விளக்கு எரிகிறதா என்றே சந்தேகம் வருகிறது.

கடைக்காரர் நான்கு வழி சொல்கிறார். ஒன்று, அதே ஹோல்டரில் பொருந்தும் எல்இடி பல்பு. அட்டைப் பெட்டியில் ஜோடிக்கு 20,000 லூமென் என்று போட்டிருக்கிறது. இரண்டு, செனான் கிட். மூன்று, 100/90 வாட் ஹாலோஜன். நான்கு, ஹெட்லைட்டைப் பிரித்து உள்ளே புரொஜெக்டர், அதாவது லென்ஸ் வைத்த விளக்கு, பொருத்துவது. எதை எடுப்பது? அடுத்த ஆண்டு வண்டியை மாற்றினால் எதிர்வண்டி இருக்கும் திசையில் மட்டும் ஒளியை அணைக்கும் மேட்ரிக்ஸ் விளக்கு உள்ள மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பைபாஸ்பாண்டி எழுதியது:

இதற்கு ஒரு விவாதமா? எல்இடி பல்பைப் போடுங்கள், வேலை முடிந்தது. பகல் மாதிரி இருக்கும். நான் போட்டிருக்கிறேன். என் தெருவில் பாதிப் பேர் போட்டிருக்கிறார்கள். ஹாலோஜன் என்பது தாத்தா காலத்துச் சமாச்சாரம்.

---

பழைய பட்டறை எழுதியது:

பாண்டி தம்பிக்கு எதிரே வண்டி ஓட்டி வந்தவர்களைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள். அது இருக்கட்டும். மலைக்கோட்டை, பல்பை மாற்றும் முன் உங்கள் ஹெட்லைட் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள்.

எச்4 பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. பிரைட் இழை, ரிஃப்ளெக்டரின் குவியத்தில் சரியாக உட்கார்ந்திருக்கும். அதன் ஒளி முழு ரிஃப்ளெக்டரிலும் பட்டு நேராக முன்னே போகும். டிம் இழை அதற்குச் சற்று முன்னே இருக்கும்; அதன் அடியில் ஒரு சிறிய உலோகக் கிண்ணம் உண்டு. பழைய பல்பு இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும். அந்தக் கிண்ணம் கீழே போகும் ஒளியை மறைத்துவிடுவதால், டிம் போடும்போது ரிஃப்ளெக்டரின் மேல்பாதி மட்டுமே வேலை செய்கிறது. மேல்பாதியில் பட்ட ஒளி கீழ்நோக்கிச் சாயும். கிண்ணத்தின் ஒரு விளிம்பு 15 பாகை சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அதனால்தான் நம் நாட்டு வண்டிகளில் வெளிச்சம் இடது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மேலேறி, சாலையோரம் நடப்பவரைக் காட்டுகிறது. வலப்பக்கம், எதிரே வருபவர் கண் இருக்கும் இடத்தில், தட்டையாக வெட்டி நிற்கிறது.

இத்தனையும் ஒரு சில மில்லிமீட்டர் நீளமுள்ள இழை எங்கே இருக்கிறது என்பதை நம்பிச் செய்த கணக்கு. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழைக்காக வரைந்தது. அந்த இடத்தில் நீங்கள் ஒரு பலகையின் இரண்டு பக்கமும் சில்லுகள் ஒட்டிய எல்இடியைச் சொருகுகிறீர்கள். இழை எல்லாப் பக்கமும் ஒளி விடும் உருளை. சில்லோ இடம், வலம் என இரண்டு பக்கம் மட்டும் ஒளி விடும். நடுவிலுள்ள பலகையின் கனம் அளவுக்கு இரண்டும் மையத்திலிருந்து விலகியும் இருக்கும். விளைவு என்ன? ஒளி தட்டையாக வெட்டி நிற்கும் அந்த வெட்டுக்கோடு கலைகிறது. மேலே போகக் கூடாத ஒளி மேலே போகிறது. வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டரில் சாலை வெள்ளையாக மின்னும். எண்பது மீட்டரில் இருட்டு. கிட்டத்தில் மின்னுவதைப் பார்த்த கண்ணின் பாவை சுருங்கும், தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும். ஓட்டுபவருக்கோ 'பகல் மாதிரி' என்று தோன்றும்.

---

பைபாஸ்பாண்டி எழுதியது:

பட்டறைக்காரரே, பாடம் நன்று. ஆனால் ஹாலோஜன் ஆயிரத்துச் சொச்சம் லூமென், இது இருபதாயிரம். கொஞ்சம் சிதறினால்தான் என்ன? மிச்சமே போதுமே!

---

ரைன்கரை எழுதியது:

ஜெர்மனியில் வாகன விளக்கு அளவீட்டுத் துறையில் வேலை. அந்த 20,000 பற்றி மட்டும் முதலில்.

எச்4 டிம் இழையின் நியம அளவு 1,000 லூமென், பிரைட் 1,650. ஒற்றை இழை கொண்ட எச்7 பல்பு 1,500. தொழிற்சாலையிலேயே பொருத்தப்படும் 35 வாட் செனான் 3,200. இவை விதிமுறையில் எழுதப்பட்ட எண்கள். இப்போது உங்கள் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 'ஒரு பல்புக்கு 30 வாட்' என்றோ அதைச் சுற்றியோ இருக்கும். இந்தப் பயன்பாட்டில் ஒரு வாட்டுக்கு 100 லூமென் கிடைத்தால் நல்ல எல்இடி. ஆக 30 வாட்டுக்கு 3,000 லூமென், அதுவும் குளிர்ந்திருக்கும்போது. சூடேறியதும் குறையும். பெட்டியின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன.

அதைவிட முக்கியம், லூமென் என்பது விளக்கு எல்லாத் திசையிலும் கொட்டும் மொத்த ஒளி. ஒரு குறிப்பிட்ட திசையில் எவ்வளவு போகிறது என்பது கேண்டலா. அதே ஒரு பிடி சோற்றைத் தட்டு முழுவதும் இறைக்கலாம், கவளமாகவும் உருட்டலாம். நெடுஞ்சாலைக்கு வேண்டியது கவளம். ஒழுங்கான டிம் விளக்கில் வெட்டுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே பல்லாயிரம் கேண்டலா இருக்கும். ஒரு பாகைகூட மேலே போக வேண்டாம், எதிரே வருபவரின் கண் இருக்கும் புள்ளியில் சில நூறு கேண்டலாவுக்கு மேல் விதிமுறை அனுமதிக்காது. ஹெட்லைட் வடிவமைப்பாளரின் தலைவலி முழுவதும் அந்த ஒரு பாகைக்குள்தான். 'கொஞ்சம் சிதறினால் என்ன' என்ற கேள்விக்கு அதுவே பதில்: அந்தக் 'கொஞ்சம்' விழும் இடம் அடுத்தவர் கண்.

இன்னொரு பக்கமும் உண்டு. பட்டறை ஐயா கோபிக்கக் கூடாது. எல்லா மாற்று எல்இடியும் குப்பை அல்ல. ஜெர்மனியில் 2020இல் ஓஸ்ராம் நிறுவனத்தின் எச்7 எல்இடி பல்பு ஒன்றுக்கு முதன்முதலாகச் சாலை அனுமதி கிடைத்தது. பிலிப்ஸ் அடுத்த ஆண்டு வந்தது. சில்லை இழை இருந்த இடத்திலேயே, அதே அளவில் உட்கார வைத்தார்கள். அப்படியும் அனுமதி எல்லா வண்டிக்கும் கிடையாது. ஒவ்வொரு மாடலின் ஹெட்லைட்டிலும் தனித்தனியாகச் சோதித்து, தேறியவற்றை மட்டும் பட்டியலில் சேர்க்கிறார்கள். பிரிட்டனிலோ 2021 ஜனவரி முதல், ஹாலோஜனுக்காகச் செய்த கார் ஹெட்லைட்டில் எல்இடி அல்லது செனான் போட்டிருந்தால் ஆண்டுச் சோதனையில் தேறாது.

---

மலைக்கோட்டை எழுதியது:

புரிகிறது. அப்படியென்றால் செனான் கிட்டும் அதே கதைதானா?

---

பழைய பட்டறை எழுதியது:

அதைவிட மோசம். செனானில் இழையே கிடையாது. இரண்டு மின்முனைகளுக்கு நடுவே மின்வில். பற்றவைக்க இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓர் உதை வேண்டும், அதைப் பேலஸ்ட் என்ற மின்பெட்டி தருகிறது. எரியத் தொடங்கியபின் பழைய வகையில் 85 வோல்ட், பாதரசம் இல்லாத வகையில் 42 வோல்ட். செனான் வாயு உடனே ஒளிர ஆரம்பிக்கும். உலோக உப்புகள் ஆவியாகி முழு வெளிச்சம் வரச் சில நொடிகள் பிடிக்கும். பிரைட்டுக்கு இதை அணைத்து அணைத்துப் போட முடியாது. அதனால் கிட்டில் பல்பையே முன்னும் பின்னும் நகர்த்தும் காந்தம் வைத்திருப்பார்கள். அது ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிது.

1991இல் பிஎம்டபிள்யூ 7 வரிசைக் காரில் முதன்முதலாகச் செனான் வந்தபோது அதற்கென்றே செய்த விளக்கில்தான் வந்தது. பல்பிலேயே இரண்டு சாதி: டி2எஸ் புரொஜெக்டருக்கு, டி2ஆர் ரிஃப்ளெக்டருக்கு. ஆர் வகையின் கண்ணாடியில் கறுப்புப் பட்டைகள் பூசியிருக்கும், வேண்டாத பக்கம் ஒளி போகாமல் தடுக்க. ஒரு பட்டைக்காகத் தனியே ஒரு பல்பு செய்தார்கள் என்றால் பாருங்கள். கிட் விற்பவர் பெட்டியில் பட்டையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

ஐரோப்பாவில் 2,000 லூமெனுக்கு மேற்பட்ட டிம் விளக்கு வைத்தால் தானே உயரம் சரிசெய்யும் கருவியும், விளக்கைக் கழுவும் பீச்சானும் கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். கண்ணாடியில் சேறு படிந்தால் அதுவும் ஒளியைச் சிதறடிக்கும்.

---

ரைன்கரை எழுதியது:

அந்த 2,000 லூமென் எல்லையால் ஒரு வேடிக்கையும் நடந்தது. பீச்சான் செலவைத் தவிர்க்கவே சரியாக 2,000 லூமென் தரும் 25 வாட் செனானைச் செய்து சிறிய கார்களில் வைத்தார்கள். விளக்கின் பிரகாசத்தை இயற்பியல் தீர்மானிப்பதை விடக் கணக்குப்பிள்ளை தீர்மானிப்பதுதான் அதிகம்.

---

பனங்காடு எழுதியது:

யாழ்ப்பாணத்தில் பிறந்து, ரொறன்ரோவில் ஓட்டுகிறேன். இங்கே வட அமெரிக்கக் கதை வேறு. அமெரிக்கா 1940 முதல் ஏழு அங்குல வட்ட 'சீல்டு பீம்' விளக்கைத்தான் எல்லாக் காரிலும் கேட்டது. இழை, ரிஃப்ளெக்டர், கண்ணாடி மூன்றும் ஒட்டிய ஒரே குமிழ். போனால் மொத்தமாகத் தூக்கி எறிந்துவிட்டு அதே அளவில் இன்னொன்று வாங்கலாம். தொடங்கியபோது நல்ல யோசனைதான். ஆனால் ஐரோப்பா 1962இல் ஹாலோஜனுக்குப் போனது, 1971இல் எச்4க்குப் போனது. இங்கே பல்பை மட்டும் மாற்றும் விளக்குக்கு 1983 வரை அனுமதி இல்லை. பிரெஞ்சுக்காரர்களின் சிட்ரோயன் டிஎஸ் 1967இல் ஸ்டியரிங்கோடு திரும்பும் விளக்கு வைத்தது. அதே கார் அமெரிக்காவுக்கு அந்த விளக்கு இல்லாமல் வந்தது.

எதிர்வரும் வண்டியைத் தவிர்த்து ஒளி வீசும் விளக்கை டொயோட்டா 2013இலேயே அமெரிக்க அரசிடம் கேட்டது. அனுமதி 2022 பிப்ரவரியில் வந்தது. அதுவும் ஐரோப்பிய விதியிலிருந்து வேறுபட்ட சோதனைகளோடு.

எல்இடி பற்றி எங்கள் ஊர்க் குறை ஒன்று உண்டு. ஹாலோஜன், தான் தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாக முன்பக்கமே தள்ளும். கண்ணாடியில் விழுந்த பனி உருகி ஓடிவிடும். எல்இடியின் வெப்பம் சில்லின் முதுகுப்பக்கம் போகிறது, முன்கண்ணாடி குளிர்ந்தே கிடக்கிறது. பனிப்பொழிவில் கொஞ்ச நேரம் ஓட்டினால் விளக்கு வெண்கட்டியாக மூடிவிடும். இறங்கிச் சுரண்ட வேண்டும். திருச்சிக்கு இந்தக் கவலை இல்லை, கொடுத்துவைத்தவர்கள்.

---

பைபாஸ்பாண்டி எழுதியது:

சரி ஐயா, என் பல்பு பாவம் செய்தது. ஆனால் தொழிற்சாலையிலேயே எல்இடி வைத்து வரும் புது எஸ்யூவிகள் கண்ணைக் குருடாக்குவதற்கு யார் பொறுப்பு? அவையெல்லாம் சோதனையில் தேறியவைதானே?

---

கண்மணி_ஒளியியல் எழுதியது:

இது நியாயமான கேள்வி. கண் பரிசோதனை என் தொழில். அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் உயரம். விதிமுறை, விளக்கு இருக்கும் உயரத்தை வைத்துச் சாய்வைச் சொல்கிறது. எஸ்யூவியின் விளக்கு ஹேட்ச்பேக் ஓட்டுநரின் கண்மட்டத்தை நெருங்கிவிட்டால், வெட்டுக்கோடு ஒழுங்காக இருந்தாலும் கிட்டத்தில் வரும்போது நீங்கள் அதன் கீழே இருக்கிறீர்கள். பின்னால் வந்தால் உங்கள் பின்பார்வைக் கண்ணாடி முழுவதும் அதுதான்.

அடுத்து, ஒளி வரும் பரப்பு. பழைய விளக்கு உள்ளங்கை அகலத்துக்கு ஒளிர்ந்தது. இப்போதைய வடிவமைப்பில் இரண்டு விரல் உயரமுள்ள கீற்று. அதே அளவு ஒளி சின்னப் பரப்பிலிருந்து வரும்போது கண்ணுக்கு உறுத்தல் அதிகம். நிறமும் சேர்கிறது. ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் கணக்கில் (எண் ஏற ஏற நீலம் கூடும்) ஹாலோஜன் சுமார் 3,200 கெல்வின், மஞ்சள் கலந்தது, எல்இடி 5,000–6,000 கெல்வின். வெள்ளை எல்இடி என்பது உள்ளே ஒரு நீலச் சில்லும் அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பரும்தான். நீலம் மிகுந்த ஒளி, அதே லக்ஸ் அளவிலும் (லக்ஸ் என்பது ஓரிடத்தில் வந்து விழும் ஒளியின் அளவு) கூடுதலாகக் கூசுகிறது என்று சோதனையில் பங்கேற்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

கடைசியாக, நம் கண்கள். 60 வயதில் விழித்திரைக்கு எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கண்வில்லை மங்க மங்க ஒளி உள்ளேயே சிதறுகிறது. இரவில் எதிர்விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது என்றால் விளக்கைத் திட்டும் முன் கண்புரை இருக்கிறதா என்று பாருங்கள். சுங்கச்சாவடிகளில் விற்கும் மஞ்சள் மூக்குக்கண்ணாடி உதவாது. கூச்சத்தோடு சேர்த்துச் சாலை வெளிச்சத்தையும் குறைக்கிறது. நடப்பவர்களைக் கண்டுபிடிக்க அது உதவுவதாகச் சோதனைகள் காட்டவில்லை.

---

பழைய பட்டறை எழுதியது:

அம்மா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பாதி எஸ்யூவிகளில் பின்னால் ஆறு பேர், அதற்குப் பின்னால் மூட்டைகள். பின்பக்கம் அமுங்கினால் மூக்கு தூக்கும். டாஷ்போர்டில் இடப்புறமோ வலப்புறமோ 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கும்; பாரம் ஏற ஏற விளக்கைத் தாழ்த்துவதற்கு. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். ஏ.சி.யோடு சம்பந்தப்பட்டது என்று நினைத்தவரும் உண்டு.

டிம் ஒளி நூற்றுக்கு ஒன்று என்ற சாய்வில் இறங்க வேண்டும். அது பாகைக் கணக்கில் அரைப் பாகைக்குச் சற்று மேல். மூக்கு அவ்வளவு தூக்கினால் போதும், டிம் கிட்டத்தட்ட பிரைட் ஆகிவிடும்.

---

பனங்காடு எழுதியது:

பாண்டியின் கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு பாதிப் பதில் உண்டு. அங்கே காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பான ஐஐஎச்எஸ் 2016இல் ஹெட்லைட்டுகளுக்கு மதிப்பெண் போடத் தொடங்கியது. மேசையில் வைத்த விளக்கை அல்ல, சாலையில் ஓடும் காரை அளந்தது. முதல் சுற்றில் 31 நடுத்தரக் கார்கள். 'நன்று' வாங்கியது ஒன்றே ஒன்று, டொயோட்டா பிரியஸ் வி, அதுவும் எல்இடி விளக்கும் தானியங்கி பிரைட்டும் உள்ள பதிப்பு. அதே காரின் ஹாலோஜன் பதிப்பு 'மோசம்' வாங்கியது. விலை உயர்ந்த கார்கள் பல பின்வரிசையில். எல்லாமே சட்டப்படி தேறிய விளக்குகள்தான். அந்தச் சோதனையில் எதிரே வருபவருக்குக் கண்கூசினால் மதிப்பெண் குறையும். அதன்பின் நிறுவனங்கள் ஆலையிலேயே விளக்கின் கோணத்தைக் கவனித்துத் திருப்பத் தொடங்கின.

---

மலைக்கோட்டை எழுதியது:

மேட்ரிக்ஸ் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. லேசர் விளக்கு 600 மீட்டர் போகும் என்கிறார்களே, உண்மையா?

---

ரைன்கரை எழுதியது:

இரண்டையும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

எல்இடியின் உண்மையான பலம் பிரகாசம் அல்ல. டிம் விளக்கில் அது முதலில் வந்தது 2007 லெக்சஸ் எல்எஸ் 600எச் காரில். அன்றைக்குச் செனானை விட மங்கல்தான். பலம் வேறு இடத்தில்: சில்லு சிறியது, மைக்ரோ நொடிகளில் எரியும், அணையும். அப்படியானால் பிரைட் ஒளியை ஒரே கற்றையாக விடாமல் பல துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சில்லு வைக்கலாம். ஆடி ஏ8 2013இல் இதைச் செய்தது: ஒரு விளக்குக்கு 25 பிரைட் சில்லுகள். முன்கண்ணாடியின் பின்னே ஒரு கேமரா. எதிரே இரண்டு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், அந்தத் திசைக்கான சில்லுகள் மட்டும் அணையும். மற்ற எல்லாப் பக்கமும் பிரைட் தொடரும். எதிர்வண்டி நகர நகர இருட்டுப் பெட்டியும் கூடவே நகரும். முன்னே போகும் வண்டியின் சிவப்பு விளக்குக்கும் இதே மரியாதை. முதல்முறை ஓட்டுபவர்களுக்குப் பிரைட்டை அணைக்கக் கை துடிக்கும், அணைக்க வேண்டாம்.

அதன்பின் துண்டுகளின் எண்ணிக்கைப் போட்டி. 2016 மெர்சிடிஸ் இ-கிளாஸில் ஒரு விளக்குக்கு 84. பிறகு அதே நிறுவனம் சினிமா புரொஜெக்டரில் இருக்கும் நுண்கண்ணாடிச் சில்லை எடுத்து ஹெட்லைட்டில் வைத்தது: ஒரு விளக்கில் 13 லட்சம் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சாயும். சாலையில் அம்புக்குறியே வரையலாம். ஆனால் அங்கே ஒளி எப்போதும் முழுதாக எரிகிறது. வேண்டாத பங்கைக் கண்ணாடி வேறு பக்கம் திருப்பி வீணாக்குகிறது. இப்போது போர்ஷே போன்றவர்கள் நுண்ணெல்இடிக்குப் போய்விட்டார்கள்: ஒரு விளக்குக்கு 32,768 புள்ளிகள், தேவைப்படும் புள்ளி மட்டும் எரியும். என் கருத்தில் நுண்கண்ணாடி முறை காட்சிக்கூடத்துக்கு, நுண்ணெல்இடி சாலைக்கு. அம்புக்குறி வரைவதெல்லாம் வாங்குபவரை மயக்கத்தான். எண்பதிலிருந்து முப்பதாயிரத்துக்குப் போவதால் ஓட்டுநருக்குக் கிடைக்கும் லாபம், பூச்சியத்திலிருந்து எண்பதுக்கு வந்ததில் கிடைத்ததற்குப் பக்கத்தில்கூட வராது.

லேசர்: 2014இல் பிஎம்டபிள்யூ ஐ8, ஆடி ஆர்8 எல்எம்எக்ஸ். சாலைமேல் லேசர் கற்றை போவதில்லை. நீல லேசர்கள் விளக்கின் உள்ளேயே ஒரு சிறு பாஸ்பரின் மேல் படுகின்றன; பாஸ்பர் வெள்ளையாக ஒளிர்கிறது. ஒளிரும் புள்ளி மிகச் சிறியது என்பதால் சின்ன ரிஃப்ளெக்டரைக் கொண்டே குறுகிய, நீண்ட கற்றை உண்டாக்க முடியும். பிரைட்டுக்குத் துணையாக, வேகம் ஏறியபின், சாலை காலியாக இருந்தால் மட்டும் எரியும்.

600 மீட்டர் உண்மையா? ஐரோப்பிய விதி ஒரு வண்டியின் மொத்தப் பிரைட்டுக்கு 4,30,000 கேண்டலா வரை அனுமதிக்கிறது. தூரத்தின் வர்க்கத்தால் வகுங்கள்: சுமார் 655 மீட்டரில் ஒரு லக்ஸ் மிஞ்சும். விளம்பரத்துக்கு அந்த ஒரு லக்ஸ்தான் அளவுகோல். அமெரிக்காவில் உச்சவரம்பு ஒரு விளக்குக்கு 75,000, இரண்டுக்கும் 1,50,000. அதே கணக்கில் 387 மீட்டர். அதனால் லேசரின் முழுப் பலம் அங்கே சட்டப்படி கிடையாது. பிறகு சாதாரண எல்இடிகளே சட்ட வரம்பை எட்டிவிட்டன. எட்டிய பின் விலை உயர்ந்த லேசர் எதற்கு? பிஎம்டபிள்யூவே புதிய மாடல்களில் அதைக் கைவிட்டு வருகிறது.

---

பழைய பட்டறை எழுதியது:

ஜெர்மனியில் எல்லா வண்டிக்கும் பின்விளக்கு எரியும். எங்கள் ஊரில் கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்விளக்கே கிடையாது. கேமரா எதைப் பார்த்து இருட்டுப் பெட்டி போடும்?

---

ரைன்கரை எழுதியது:

பார்க்காது. அந்த டிராக்டர் மேல் முழுப் பிரைட்டும் விழும். டிராக்டர்காரருக்குக் கூசும், உங்களுக்கு அது முன்னூறு மீட்டரிலேயே தெரிந்துவிடும். எனக்கு அது மோசமான பேரமாகத் தெரியவில்லை.

உண்மையான பலவீனம் வேறு: நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் அரளிச்செடி. எதிரே வரும் லாரியின் ஹெட்லைட்டுகளைச் செடி மறைத்துவிடும், கேமராவுக்கு ஒன்றும் தெரியாது. லாரி ஓட்டுநரின் கண்ணோ செடிக்கு மேலே இருக்கிறது. ஐரோப்பாவிலும் தடுப்புச்சுவர் உள்ள நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டுநர்கள் இதே குறையைத்தான் சொல்கிறார்கள். சில நிறுவனங்களின் மென்பொருள், தடுப்புக்கு மேலே லாரி முகப்பில் உள்ள சிறு விளக்குகளைத் தேடுகிறது. எப்போதும் கிடைப்பதில்லை. ஒரே விளக்கு எரியும் மோட்டார்சைக்கிளும் குழப்பும். இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிவது கட்டாயமானதால், இரவில் அணைத்துவிட்டு வருபவர்களாவது குறைவு.

---

பைபாஸ்பாண்டி எழுதியது:

ஒரு துண்டுக் கல் பட்டு மேட்ரிக்ஸ் விளக்கு உடைந்தால் என்ன செலவு என்றும் சொல்லுங்கள். என் பல்பு போனால் அரை மணி நேரத்தில் வேறு போடுவேன்.

---

பழைய பட்டறை எழுதியது:

இதில் தம்பி சொல்வது சரி. அந்த விளக்கில் பல்பு என்று ஒன்று இல்லை. சில்லு போனாலும், கட்டுப்பாட்டுப் பெட்டி போனாலும், முகப்புக் கண்ணாடி விரிசல் விட்டாலும் பெரும்பாலும் முழு விளக்கையும் மாற்றச் சொல்வார்கள். ஆயுள் வண்டியின் ஆயுள் என்பார்கள். அது சில்லின் ஆயுள். அதைக் குளிர்விக்கும் விசிறிக்கும், உள்ளே புகும் ஈரத்துக்கும் அந்த வாக்குறுதி தெரியாது. வாங்கும் முன் ஒரு பக்க விளக்கின் விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். காப்பீட்டில் தேய்மானம் பிடிக்காத வகையை எடுங்கள்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிப் பேசுகிறோம் என்பதால் ஒரு நினைவூட்டல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. எந்தக் கடையில் எது கிடைக்கும் என்ற பதிவுகள் நீக்கப்படும்.

---

பைபாஸ்பாண்டி எழுதியது:

காவலர்கள் ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதும் அந்தப் பிரிவில் வருமா?

---

பழைய பட்டறை எழுதியது:

நல்ல கேள்வி, எனக்கும் சிரிப்புத்தான். அந்தக் கறுப்புப் பொட்டு வட்டக் கண்ணாடி விளக்குக் காலத்து வைத்தியம். புரொஜெக்டர் லென்ஸ் மேல் ஒட்டினால் வெட்டுக்கோடு அப்படியே இருக்கும், மொத்த ஒளிதான் குறையும். ரிஃப்ளெக்டரில் எந்தப் பகுதி ஒளியை எங்கே அனுப்புகிறது என்று தெரியாமல் ஒட்டினால், எதிரே வருபவருக்குப் பயன் இல்லாமல் உங்களுக்கு மட்டும் இருட்டு.

---

மலைக்கோட்டை எழுதியது:

ஒரு கிளைக்கேள்வி. ஏற்காடு மலையில் மூடுபனி வரும்போது மஞ்சள் ஒளி 'ஊடுருவும்' என்பார்களே?

---

கண்மணி_ஒளியியல் எழுதியது:

ஊடுருவாது. வானம் நீலமாகத் தெரிவதற்கான காரணத்தை இங்கே கொண்டுவந்து பொருத்திவிட்டார்கள். காற்று மூலக்கூறு ஒளியின் அலைநீளத்தை விட மிகச் சிறியது, அதனால் நீலம் அதிகம் சிதறும். மூடுபனித் துளியோ அலைநீளத்தை விடப் பல மடங்கு பெரியது. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரேபோல் சிதறடிக்கும். பிரான்ஸ் 1993 வரை மஞ்சள் ஹெட்லைட்டைச் சட்டமாகவே வைத்திருந்தது; பக்கத்து நாடுகளில் வெள்ளை விளக்கோடு ஓட்டியவர்கள் மூடுபனியில் வழி தவறிவிடவில்லை. நீலம் குறைவதால் கண்ணுக்கு இதமாகத் தோன்றும், அவ்வளவே. பனிமூட்டத்தில் உதவுவது விளக்கின் இடம்: பம்பரின் கீழே, அகலமாக, மேலே துளி ஒளிகூடப் போகாதபடி. பிரைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

---

மலைக்கோட்டை எழுதியது:

ஆக, இருக்கும் ஹாலோஜனை வைத்துக்கொண்டே என்ன செய்யலாம் என்று பட்டறை ஐயா சொல்லிவிட்டால் போதும்.

---

பழைய பட்டறை எழுதியது:

முதலில் 100/90 பல்பை மறந்துவிடுங்கள். ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டரின் பூச்சு கருகும், அதற்குப்பின் நல்ல பல்பு போட்டாலும் பயன் இல்லை. இப்படி உருகிய ஹோல்டர்கள் என் பட்டறையில் ஒரு டப்பா நிறையக் கிடக்கின்றன.

வண்டியை ஸ்டார்ட் செய்து, டிம் எரியும்போது பல்பின் முனையில் மல்டிமீட்டர் வைத்து வோல்ட் பாருங்கள். பேட்டரி முனையிலும் பாருங்கள். இரண்டு டிம்மும் சேர்ந்து ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சில வண்டிகளில் அவ்வளவும் சன்னமான வயரில், ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகிறது; வழியில் ஒன்று, ஒன்றரை வோல்ட் தொலையும். ஹாலோஜன் ஒளி வோல்ட்டின் மூன்றரை அடுக்கை ஒட்டி மாறும். பத்தில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தால் பத்தில் மூன்று பங்கு வெளிச்சம் போய்விடும். அப்படி இருந்தால் பேட்டரியிலிருந்து தடித்த வயர், ஃபியூஸ், இரண்டு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடுங்கள். பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும். கம்பெனிக்காரர் ஏற்கெனவே ரிலே வைத்திருந்தால் எர்த் முனையில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். புதிய வண்டிகளில் கணினிப் பெட்டி விளக்கைக் கட்டுப்படுத்தும்; அங்கே இந்தக் கைவேலை கூடாது.

பிறகு கண்ணாடி. இப்போதெல்லாம் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக், வெயிலில் மஞ்சளாகும். தண்ணீர்ச் சாந்துத்தாளால் தேய்த்துப் பாலிஷ் போட்டு, மேலே புறஊதாக் காப்புப் பூச்சு கொடுக்க வேண்டும். பூச்சு இல்லாமல் விட்டால் சில மாதங்களில் முன்னைவிட மோசம். பற்பசை வைத்தியம் ஒரு வாரத்துக்கு.

புதிய பல்பு போட்டால் நல்ல கம்பெனியின் 60/55 போதும். கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறிப் பல்பு சீக்கிரம் போகும். நீலச் சாயம் பூசியது வேண்டாம், அந்தச் சாயம் ஒளியைத் தின்னும்.

இவ்வளவும் செய்தாலும் டிம்மில் ஐம்பது முதல் எழுபத்தைந்து மீட்டர் வரைதான் நம்பிப் பார்க்கலாம். மணிக்கு 80 கிலோமீட்டரில் பிரேக் மிதிக்க யோசிக்கும் நேரமும் சேர்த்து வண்டி நிற்க எழுபது மீட்டர் ஆகும், 100இல் கிட்டத்தட்ட நூறு. வேகத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். புரொஜெக்டர் பொருத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது ஒளியியல்படி எல்இடி பல்பை விட ஒழுங்கானது, ஏனென்றால் வெட்டுக்கோட்டை லென்ஸின் பின்னே உள்ள தகடே போடுகிறது. ஆனால் விளக்கைச் சூடாக்கிப் பிரித்து மறுபடி ஒட்டியவர் கை எப்படி என்பதை முதல் மழையில் தெரிந்துகொள்வீர்கள். சட்டமும் துணைக்கு வராது.

கடைசியாகக் கோணம். டயர் காற்றைச் சரிபாருங்கள், டிக்கியைக் காலி செய்யுங்கள், ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வையுங்கள், அந்தச் சின்னச் சக்கரத்தை 0இல் வையுங்கள். சமதளத்தில், சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்துங்கள். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே ஒரு கோடு போடுங்கள். டிம் ஒளியின் தட்டையான வெட்டு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். இடப்பக்கம் மட்டும் மேலேறலாம். ஒரு விளக்கைத் துணியால் மூடிவிட்டு மற்றதைச் சரிசெய்யுங்கள். திருகு பானட்டைத் திறந்தால் விளக்கின் முதுகில் இருக்கும், கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள்.

---

பைபாஸ்பாண்டி எழுதியது:

எல்இடி பல்புக்கும் இதே சுவர், இதே கோடுதானா?

---

பழைய பட்டறை எழுதியது:

போட்டுப் பாருங்கள். கோட்டில் நிறுத்த முதலில் ஒரு வெட்டு தெரிய வேண்டுமே.